அண்ணாவுக்கு ஓர் ஆட்டப் பெட்டி

அண்ணா மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக் கொண்டார். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் அண்ணா பத்திரிகை படித்தார். இரண்டாவது வாரம் பத்திரிகைக்காரர்களைத் திட்டினார். மூன்றாவது வாரம் மன்னியைத் திட்ட ஆரம்பித்தார். அன்றிரவே மன்னியிடமிருந்து எனக்கு டெலிபோன் வந்தது.

"அப்பா ஆடிண்டிருந்தாரே, கட்டம் கட்டமா மேலேருந்து விழுமே, அந்த ஆட்டம் வேணுமாம் உங்கண்ணாவுக்கு. பீரோவைக் குடைஞ்சு அந்தப் பழைய பெட்டியை எடுத்தேன். உள்ளே பாட்டரி கசிஞ்சு பச்சையாப் பூத்துக் கிடக்கு. பழைய ஆட்டமெல்லாம் ஆடறாப்பலே இப்போ புதுசு புதுசாக் கைப்பெட்டி வந்திருக்காமே? நீதான் பார்த்து வாங்கித் தரணும். இல்லேன்னா நான் பெட்டியைக் கட்டிண்டு உன் ஆத்துக்கு வந்துடுவேன்!"

மன்னி சொன்ன பழைய பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 1999-ஆம் வருஷம் எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அண்ணாவுக்கென்று 'கேம் பாய் கலர்' ஒன்றும், அதில் போடும் 'டெட்ரிஸ் டி.எக்ஸ்.' கேசட் ஒன்றும் வாங்கி வந்தார். அண்ணா நாலு நாள் ஆடினார். ஐந்தாம் நாள் அது அப்பா கைக்குப் போயிற்று, போனது போனதுதான். அந்தப் பெட்டியின் திரைக்கு உள்ளே விளக்குக் கிடையாது. ஆகவே அப்பா தினமும் மூன்று மணிக் காப்பிக்குப் பிறகு பால்கனி வெயிலில் நாற்காலியைப் போட்டுக் கொண்டு, திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்து ஆடுவார். 2008-இல் அப்பா காலமான பிறகு பெட்டியை எடுத்து வைத்தோம். அதற்குள்ளிருந்த இரண்டு பாட்டரிகளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டி போனால் போகட்டும், கேசட் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தக் கேசட்டை வைத்துக் கொண்டு நான் பட்ட பாட்டையும் கற்றுக் கொண்ட பாடத்தையும்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளையோ, மாப்பிள்ளையோ, ஏன், நீங்களோ இப்படி ஒரு பெட்டி வாங்க நினைத்தால் உபயோகப்படும்.

பையனுக்கு மட்டுமா பெட்டி?

பெயரைப் பாருங்கள்: 'கேம் பாய்'! பெயரிலேயே பையன் உட்கார்ந்திருக்கிறான். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியில் குன்பே யோகோய் என்ற என்ஜினீயரின் குழு செய்து, 1989-இல் விற்பனைக்கு வந்த யந்திரம் அது. யோகோயின் கொள்கை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பிடித்த கொள்கை. புத்தம் புதிய விலை உயர்ந்த சரக்குக்கு ஓடாதே. பழகிப் போய் விலை இறங்கிய சரக்கை எடுத்துப் புது மாதிரியாக உபயோகப்படுத்து என்பார் அவர். மிஞ்சின இட்டிலியை உதிர்த்து உப்புமாக் கிளறுகிற புத்திதான்! போட்டிக் கம்பெனிகள் வர்ணத் திரை போட்டுப் பாட்டரியைக் கபளீகரம் செய்து கொண்டிருந்தபோது, நாலே நாலு சாயல் காட்டும் சாதாரணத் திரையோடு வந்த கேம் பாய், நாலு சிறு பாட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வென்றதும் அதுதான்.

அதன் வெற்றியில் பாதிப் பெருமை டெட்ரிஸுக்குச் சேரும். 1984-இல் மாஸ்கோவில் விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உண்டாக்கிய ஆட்டம் அது. அவரிடம் இருந்த யந்திரத்துக்குப் படம் வரையத் தெரியாது. அடைப்புக் குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். உலகமெல்லாம் ஆடிய ஆட்டத்துக்கு வெகு காலம் அவருக்குப் பங்குப் பணம் வரவில்லை. 1996-இல்தான் உரிமை அவர் கைக்கு வந்தது.

பெண்களை நினைத்துச் செய்த ஆட்டமும் உண்டு. 1980-இல் ஜப்பானில் நாம்கோ கம்பெனியின் டோரு இவாடானி, சுடுவதும் வெடிப்பதுமாக இருந்த ஆட்டக் கூடங்களுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று எண்ணி, சாப்பிடுவதையே விஷயமாக வைத்து ஓர் ஆட்டம் செய்தார். வாயைத் திறந்து திறந்து புள்ளிகளை விழுங்கும் 'பாக்-மேன்' அதுதான்.

நம் ஊரில் 1990-களில் டி.வி.யோடு இணைத்து ஆடிய 'டிவி கேம்' பெட்டிகளை மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றில் பெரும்பாலானவை, 1983-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபாமிகாம்' யந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல்கள். கேசட்டின் மேல் '9999 ஆட்டங்கள்' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் நாலைந்து டஜன் ஆட்டமே பெயர் மாறி மாறி வரும். பையன்கள் ஆடுவார்கள், நாம் தட்டில் பஜ்ஜியைக் கொண்டு வைத்துவிட்டு நின்று பார்ப்போம். 'அடுத்த முறை உனக்கு' என்பார்கள். அந்த அடுத்த முறை வருவதற்குள் கரண்டு போய்விடும்!

துபாஷி வேலை

பழைய கேசட்டின் ஆட்டம் புதுப் பெட்டியில் எப்படி ஓடும்? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னைப் பட்டணத்தில் துபாஷிகள் இருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. நம் வியாபாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. துபாஷி நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசுவார். 'எமுலேட்டர்' என்பதும் ஒரு துபாஷிதான். ஆட்டம் பழைய யந்திரத்தின் பாஷையில் 'இந்தப் புள்ளியைக் கறுப்பாக்கு' என்கிறது. எமுலேட்டர் அதைப் புதுப் பெட்டியின் பாஷையில் மாற்றிச் சொல்கிறது. இப்படி ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை. ஒவ்வொரு பழைய யந்திரத்துக்கும் தனித்தனி துபாஷி உண்டு. இந்தத் துபாஷிகளையெல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் 'ரெட்ரோஆர்ச்' என்ற இலவச நிரல்தான் இக்காலத்துக் கைப்பெட்டிகள் பலவற்றில் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறது.

மொழிபெயர்ப்பது மூல ஆசிரியரைவிடச் சிரமமான வேலை அல்லவா? ஆகவே பழைய யந்திரத்தைவிடப் பல மடங்கு பலசாலியான பெட்டி வேண்டும். கேம் பாயும் ஃபாமிகாமும் சிறு யந்திரங்கள். எந்தப் பெட்டியும் சமாளிக்கும். 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் வரையில்கூடக் கவலையில்லை. அதற்குப் பின் வந்தவை வேண்டுமானால் பணமும் கூட வேண்டும்.

எதை வாங்குவது?

முதலில் நான் ஏமாந்த கதை. கடைத்தெருவில் ஒரு கடைக்காரர், "மேடம், 400 ஆட்டம் இருக்கு, இதைவிட என்ன வேணும்?" என்று ஒரு வழவழப்பான சிறு பெட்டியைக் கொடுத்தார். விலை அறுநூறு ரூபாய். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்க்கிறேன், கார்டு போட இடமே இல்லை! உள்ளே அடைத்து வைத்த ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் அதில் ஏறாது. எங்களுக்கு வேண்டியது ஒரே ஓர் ஆட்டம். அது அந்த 400-இல் இல்லை.

எனவே முதல் விதி: மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் இரண்டு இடம் உண்டு. ஒன்றில் பெட்டியை இயக்கும் நிரல், மற்றொன்றில் ஆட்டங்கள். இது மிகவும் சௌகரியம்.

இரண்டாவது, திரையின் வடிவம். அகலத் திரைதான் உயர்த்தி என்று நினைக்காதீர்கள். பழைய ஆட்டங்கள் பழைய டி.வி.க்காகச் செய்தவை, அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. 640-க்கு 480 புள்ளி கொண்ட மூன்றரை அங்குலத் திரை இதற்குப் பொருத்தம். கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளி. அதைச் சரியாக மூன்று மடங்கு பெருக்கினால் 480-க்கு 432. இந்தத் திரைக்குள் அழகாக அடங்கும். முழு மடங்காகப் பெருக்கினால்தான் கட்டங்கள் கோலப் புள்ளி போல ஒரே அளவாக இருக்கும். இழுத்துப் பிடித்தால் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் திரை 240-க்கு 160. அந்த ஆட்டங்களே பிரதானம் என்பவர்களுக்கு ஆன்பெர்னிக் கம்பெனி 720-க்கு 480 புள்ளியில் ஆர்.ஜி. 34 எக்ஸ்.எக்ஸ். என்று ஒன்று போட்டிருக்கிறது. இதுவும் கணக்காக மூன்று மடங்கு.

மூன்றாவது, கைக்கு அடக்கம். நிமிர்ந்து நிற்கும் பெட்டி பழைய கேம் பாய் மாதிரி. சட்டைப் பையில் போகும். ஆனால் நெடு நேரம் பிடித்தால் பெரிய கைக்கு வலிக்கும். படுக்கை வசத்தில் அகலமாக இருப்பது வயதானவர்களுக்குச் சுகம். முடிந்தால் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, பாட்டரி. ஒரு தடவை ஏற்றினால் ஐந்தாறு மணி நேரம் சிறு ஆட்டங்கள் ஓட வேண்டும். பின்மூடியைத் திறந்து பாட்டரியை மாற்ற வழியிருந்தால் பெட்டியின் ஆயுள் கூடும்.

இந்த ரகப் பெட்டிகள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. ஆன்பெர்னிக்கின் ஆர்.ஜி. 35 எக்ஸ்.எக்ஸ். வரிசையும், மியூ மினி பிளஸும் சுமார் 5,000 ரூபாயில் தொடங்கும் விலைக்காரர்கள். தபால் செலவும் சுங்க வரியும் தனி. அண்ணாவுக்கு நான் வாங்கியது மியூ மினி பிளஸ். நிமிர்ந்த பெட்டி, மூன்றரை அங்குலத் திரை. முக்கியமாக, திரைக்குள் விளக்கு உண்டு. பால்கனி வெயில் வேண்டாம்.

கேசட்டில் இருந்த அப்பா

பெட்டி வருவதற்குள் கேசட்டைக் கவனித்தேன். செல்போன் பழுது பார்க்கும் ஒரு பையனிடம் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளே ஒரு பட்டன் பாட்டரி இருக்கும்மா. பழசாயிருக்கும். அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்" என்றான். கொடுக்க இருந்தவள், ஏனோ 'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லித் திரும்பி விட்டேன். அன்று கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வந்திராது.

ஏன் என்றால், அந்தப் பட்டன் பாட்டரி ஆட்டத்தை ஓட்டுவதற்கு அல்ல; நினைவைக் காப்பதற்கு. டெட்ரிஸ் டி.எக்ஸ். ஆடுபவரின் பெயரையும் அவர் எடுத்த அதிகபட்ச எண்ணிக்கையையும் கேசட்டுக்குள்ளே ஒரு சிறு சில்லில் எழுதி வைக்கிறது. மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் அந்தச் சில்லு எல்லாவற்றையும் மறந்துவிடும். பெட்டி அணைந்திருக்கும்போதும் விடாமல் ஊட்டிக் கொண்டிருப்பது அந்தப் பட்டன் பாட்டரிதான். அதைக் கழற்றினால் ஆட்டம் இருக்கும், பதிவு போய்விடும்.

ஆகவே பழைய கேசட் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள்: முதலில் பதிவைப் பிரதி எடுங்கள்; பிறகு பாட்டரியைத் தொடுங்கள். கேசட்டைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறு கருவிகள் இருக்கின்றன. கேம் பாய் வகைக்கு 'ஜி.பி. ஆபரேட்டர்' என்று ஒன்று. அண்ணாவின் நண்பர் ஒருவரிடம் அது இருந்தது. கேசட்டின் உலோகப் பற்களைத் துடைப்பான் குச்சியில் சுத்தமான ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். (அந்நாளில் நாம் செய்தபடி வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பற்களை அரிக்கும். ஊதியதால் ஆட்டம் வந்ததாக நினைத்தோமே, உண்மையில் கழற்றி மறுபடி செருகியதால் வந்தது.)

செருகினோம். ஆட்டம் ஒரு கோப்பாகவும் பதிவு ஒரு கோப்பாகவும் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தன. அங்கேயே ஓட்டிப் பார்த்தோம். அதிகபட்ச எண்ணிக்கைப் பட்டியலில் முதல் வரியில், ஆங்கில எழுத்தில், 'அப்பா' என்று இருந்தது.

அண்ணா ஒன்றும் பேசவில்லை. கட்டுப் போட்ட காலை மெதுவாக நகர்த்தி வைத்துக் கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெட்டியைத் தயார் செய்வது

பெட்டியோடு ஒரு மெமரி கார்டு வரும். அதை நம்பாதீர்கள்; பெரும்பாலும் மட்ட ரகம். இன்றோ நாளையோ படுத்துவிடும். நல்ல கம்பெனியின் 64 ஜி.பி. கார்டு ஒன்று, நம்பகமான கடையில், பில் போட்டு வாங்குங்கள். போலிக் கார்டுகள் ஏராளம். இடம் தாராளமாகப் போதும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு ஆட்டமும் 40 கே.பி.தான். உங்கள் செல்போன் எடுக்கும் ஒரு போட்டோவின் இடத்தில் அப்படிப் பல டஜன் ஆட்டங்களை அடைக்கலாம்!

பிறகு வரிசையாக:

1. பழைய கார்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏதாவது தப்பிப் போனால் திரும்பி வர வழி வேண்டும்.

2. புதுக் கார்டை 'ஃபேட் 32' என்ற முறையில் துடைத்து ஒழுங்கு செய்யுங்கள்.

3. ரசிகர்கள் கூடி இலவசமாக எழுதிய இயக்க நிரல்கள் பெட்டியோடு வருவதைவிட மேல். மியூ மினிக்கு 'ஆனியன்'. ஆன்பெர்னிக்கின் பல பெட்டிகளுக்கு 'மியூ ஓ.எஸ்.'. உங்கள் பெட்டியின் சரியான பெயரைப் பார்த்துக் கொள்ளுங்கள். ஆனியனைக் கார்டில் விரித்துப் போட்டுப் பெட்டியை முடுக்கினால் தானே நிறுவிக் கொள்ளும். வெங்காயம் என்று பெயர் இருந்தாலும் கண்ணில் நீர் வரவழைக்காது!

4. கார்டுக்குள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் அறை இருக்கும். அஞ்சறைப் பெட்டியில் கடுகு இடத்தில் மிளகு போடக் கூடாது. கேம் பாய் ஆட்டம் அதன் அறையில், ஃபாமிகாம் ஆட்டம் அதன் அறையில். மாற்றிப் போட்டால் பட்டியலில் வராது. பதிவுக் கோப்புக்கும் தனி அறை உண்டு. ஆட்டத்துக்கு என்ன பெயரோ அதே பெயர் அதற்கும் இருக்க வேண்டும்.

5. பிளேஸ்டேஷன் ஆட்டங்கள் செம்மையாக ஓட, அந்த யந்திரத்தின் 'பயாஸ்' என்ற கோப்பும் வேண்டும். கேம் பாய்க்கும் ஃபாமிகாமுக்கும் தேவையில்லை.

6. திரை அமைப்பில் முழு மடங்குப் பெருக்கலை வையுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பாட்டரியும் மிஞ்சும், கண்ணும் மிஞ்சும்.

7. சார்ஜ் ஏற்ற சாதாரண 5 வோல்ட் சார்ஜரே போதும். இரண்டு முனையும் ஒரே மாதிரியான புதுக் கம்பியைப் போட்டால் சில பெட்டிகள் ஏற்றுக் கொள்வதில்லை. ஒரு முனை பழைய அகல வடிவமாக இருப்பதைப் போடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றாதீர்கள். ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எமுலேட்டரில் இரண்டு விதமாகப் பதிவு செய்யலாம். ஆட்டமே செய்து கொள்ளும் பதிவு ஒன்று. ஆட்டத்தை எந்த இடத்திலும் நிறுத்தி அப்படியே உறைய வைப்பது மற்றொன்று. பால் பொங்கும்போதும் வாசலில் மணி அடிக்கும்போதும் இரண்டாவது பிரமாத சௌகரியம். ஆனால் போன மாதம் உறைய வைத்ததை இன்று எழுப்பினால் எல்லாமே போன மாதத்துக்குப் போய்விடும். நடுவில் ஆட்டம் எழுதி வைத்த பதிவும் அடிபட்டுப் போகலாம். நான் அப்பாவின் பதிவை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று அண்ணா ஆட, ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று என் வீட்டில், குடும்பப் போட்டோக்களோடு.

இது திருட்டு இல்லையா?

நியாயமான கேள்வி. துபாஷி வேலை செய்வது குற்றமல்ல. ஸோனி கம்பெனி, கனெக்டிக்ஸ் என்ற எமுலேட்டர் கம்பெனி மேல் தொடுத்த வழக்கில் 2000-ஆம் வருஷம் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஆட்டம் பிறருடைய சொத்து. 'பத்தாயிரம் ஆட்டம் இலவசம்' என்று கார்டில் அடைத்து விற்பது, சொந்தக்காரரைக் கேட்காமல் எடுத்தது. நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலுக்கும் பொருந்தும். முறையாக ஒரு நிரலை வைத்திருப்பவர், அது சேதமாகாமல் இருக்கப் பிரதி எடுத்துக் கொள்ள அதில் இடமும் இருக்கிறது.

ஆகவே நேர்மையான வழிகள் இவை: சொந்தக் கேசட்டைப் பிரதி எடுங்கள். பழைய யந்திரங்களுக்கென்று இன்றும் புது ஆட்டம் எழுதுகிறவர்களிடம் பெறுங்கள். 2017-இல் வந்த 'டோபு டோபு கேர்ல்' கேம் பாய்க்கு எழுதிய இலவச ஆட்டம். மேலே மேலே தாவிப் போகும் ஒரு பெண் அதில் நாயகி. 2019-இல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' விலைக்குக் கிடைக்கும். பழைய மாரியோவைப் போலவே 40 கே.பி.க்குள் அடக்கி எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் மறு பக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வந்த பழைய ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் விலைக்கே கிடைப்பதில்லையாம். காசு கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கும் கிடைக்காத பொருளை என்ன செய்வது? எடுத்து வைக்க யாரும் இல்லாமல் பட்டன் பாட்டரி மாதிரி ஒவ்வொன்றாக அணைந்து கொண்டிருக்கின்றன.

அப்புறம்?

அண்ணா நாலாவது வாரத்திலிருந்து மன்னியைத் திட்டவில்லை. காலை முதல் மாலை வரை கட்டம் அடுக்கினார். "நேத்து பாதி தூரம் வந்துட்டேன்!" என்று எனக்கு டெலிபோன் செய்வார். அப்பாவின் எண்ணிக்கையை எட்ட முடியவில்லை. வெயிலில் சாய்த்துச் சாய்த்து, விளக்கில்லாத திரையில் அப்பா எடுத்த எண்ணிக்கை! "எப்படி ஆடினார் மனுஷர்?" என்று அண்ணா பத்துத் தரமாவது கேட்டிருப்பார்.

மாவுக்கட்டுப் பிரித்து அண்ணா ஆபீஸுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மணி அடித்தேன், பதில் இல்லை. மறுபடி அடித்தேன். அரைக் கதவைத் திறந்த மன்னி, "இரு, இரு, உறைய வச்சுட்டு வரேன்!" என்று உள்ளே ஓடினாள். சமையலறையிலிருந்து சாதம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

பட்டியலைக் காட்டினாள். முதல் வரியில் அப்பா. இரண்டாவது வரியில் மன்னி. அண்ணா மூன்றாவதுதான்.

"உங்கண்ணா கிட்டே சொல்லிடாதே. இன்னும் பார்க்கலே" என்றாள். பிறகு பெட்டியை என் கையில் கொடுத்து, "இப்போ உன் முறை. ஆடு. நான் போய் வேறே சாதம் வைக்கிறேன்" என்றாள்.